யாருடைய மேளம்?
மட்டக்களப்பு வாவிக்கரையின் இசையும் சமூகமும்

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் தமிழ்மொழித் தின விழா நடைபெற்றது. விழாத் தொடக்கத்தில் பறைமேளக் குழுவொன்று விருந்தினரை வாசலிலிருந்து மேடைவரை அழைத்து வந்தது. பறையும் தம்பட்டமும் குழலும் சேர்ந்தெழுப்பிய ஒலியில் மண்டபம் அதிர்ந்தது. "இதுவன்றோ தமிழனின் ஆதி இசை!" என்று பிரதம விருந்தினர் பெருமிதத்தோடு உரையாற்றினார். கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. நானும் கைதட்டினேன்.

அக்குழுவின் தலைவருடைய மகன் எனது பத்தாம் வகுப்பு மாணவன். அன்று அவன் மண்டபத்தில் இல்லை. மறுநாள் காரணம் கேட்டேன். தலைகுனிந்து நின்றவன் சற்றுப் பொறுத்துச் சொன்னான்: "மேடையில கைதட்டின ஆக்கள்தான் சேர், செத்த வீட்டில எங்கட அப்பாவப் படலைக்கு வெளியில நிப்பாட்டினவங்க."

அந்த வாக்கியத்துக்கு அன்று என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. தமிழ் இலக்கியம் கற்றுப் பட்டம் பெற்றவன் நான். பறை சங்க காலத்துக் கருவி என்று வகுப்பில் விளக்கியவன். எனினும் அச்சிறுவனின் முன்னே என் படிப்பு உதவவில்லை. இசை ஒரு மக்கட்கூட்டத்துக்கு அடையாளத்தைத் தருகிறது என்று எழுதுகிறோம், பேசுகிறோம். அது தரும் அடையாளம் எல்லார்க்கும் ஒன்றுதானா? ஒரே மேளம் கேட்பவனுக்குப் பெருமையையும் கொட்டுபவனுக்கு இழிவையும் ஒருங்கே அளிப்பது எங்ஙனம்? மட்டக்களப்பு வாவிக்கரையின் இசை வரலாற்றை இக்கேள்வியோடு திரும்பிப் பார்க்க விழைகிறேன்.

பாடும் மீனும் பழைய யாழும்

மட்டக்களப்பு மக்கள் தம் நாட்டை 'மீன்பாடும் தேனாடு' என்று அழைப்பர். நிலாக்கால இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி மறுநுனியைக் காதோடு வைத்தால், நரம்பை மீட்டினாற்போன்ற மெல்லொலி கேட்கும் என்பர். 1848 ஆம் ஆண்டில் இங்கு வந்து அவ்வொலியைத் தம் காதாற் கேட்டவர், குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ட். 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அவர் அதனை விரிவாக எழுதினார். ஒலி எழும் இடத்தை அவருக்குக் காட்டியவர்கள் வாவி மீனவர்கள். நீரடியில் வாழும் ஊரியே ஒலியெழுப்புகிறது என்று அவர்கள் சொன்னார்கள். பின்னர் 1950 களில் இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் அவ்வொலியைக் கருவியிற் பதிவு செய்தார்.

பாடுவது மீனா, ஊரியா என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். நாம் கருதவேண்டியது வேறொன்று. இரவிரவாக வாவியிலே கிடந்து உழைத்த மீனவனின் தொழிலறிவாக இருந்த ஒன்று, காலப்போக்கில் ஒரு நாட்டின் சின்னமாயிற்று. கவிஞர் அதனைப் பாடினர்; பேச்சாளர் அதனைக்கொண்டு தம் பேச்சைத் தொடங்கினர். மீனவனோ தோணியிலேயே இருந்தான். அவன் பெயர் அந்தப் பெருமையில் எங்கும் இடம்பெறவில்லை. வாவிக்கரை இசையின் வரலாற்றில் இது பலமுறை நிகழ்ந்த கதை.

இவ்வாவியின் ஒலியைத் தமிழிசையின் பெருவரலாற்றோடு இணைத்தவர் சுவாமி விபுலாநந்தர். 1892 இல் காரைதீவிற் பிறந்து, 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்பதவியை வகித்தவர் அவர். 1943 இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றித் தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிமை கேட்ட காலத்தில், மறைந்துபோன யாழின் இலக்கணத்தை மீட்டெடுக்க அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அதன் பயனான 'யாழ் நூல்' 1947 இல் அரங்கேறியது. அதே ஆண்டிலேயே அவர் மறைந்தார். வாவியின் இன்னொலி அந்நூலில் நீரரமகளிரின் இசையாக இடம்பெற்றது.

விபுலாநந்தரைக் குறைகூற எவர்க்கும் தகுதியில்லை. திருவேட்களத்தில் வாழ்ந்த நாளில் சேரிப் பிள்ளைகளிடம் சென்று எழுத்தறிவித்த பெருந்தகை அவர். எனினும் அவருக்குப்பின் வந்த நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அழிந்துபோன யாழுக்காகக் கண்ணீர் வடித்த அளவுக்கு, நம் ஊரெல்லையில் அன்றாடம் ஒலித்துக்கொண்டிருந்த பறையை நாம் செவிமடுக்கவில்லை. யாழை வாசிப்பவர் எவரும் நம் முன் நிற்கவில்லை. ஆதலால் அதனைப் போற்றுவதில் நமக்கு எவ்வித இடரும் இல்லை. பறையைப் போற்றுவதாயின் பறையடிப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

களரியில் கிடைத்த பெயர்

வாவிக்கு மேற்கே விரிந்த வயல்நிலம் படுவான்கரை. கிழக்கே கடலோரமாய் நீண்ட கரை எழுவான்கரை. நெல்வேளாண்மையே இங்கு வாழ்வின் அச்சாணி. நிலம் போடியாருடையது, உழைப்பு முல்லைக்காரனுடையதும் வயற்காரனுடையதும். அறுவடை முடிந்து கை ஓய்ந்த நாட்களில் ஊர் கூத்துக்கு ஆயத்தமாகும்.

கூத்து என்பது ஓரிரவுக் கேளிக்கையன்று. பல மாத காலம் ஓர் ஊரின் வாழ்வையே தன்வயப்படுத்திக்கொள்வது. அண்ணாவியாரை அழைத்து, கூத்தைத் தெரிந்து, ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்து சட்டங் கொடுப்பார்கள். ஆட்டம் கைவந்தபின் சதங்கை அணிவார்கள். கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக வளர்ந்து, ஈற்றில் வட்டக் களரியில் விடியவிடிய அரங்கேற்றம் நடக்கும். அதன்பின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் உண்டு. வடமோடியிற் போர் மிகும். பாரத, இராமாயணக் கதைகளே அதிற் பெரும்பான்மை. தென்மோடியிற் காதல் மிகும். ஆட்டமும் பாட்டும் நுணுக்கமாக இழையும். மத்தளமும் சல்லரியும் அண்ணாவியாரின் குரலும் பிற்பாட்டுக்காரரின் குரலும் இன்றி எதுவும் இல்லை.

பகலெல்லாம் பிறர் வயலிற் குனிந்து நிற்பவன், இரவில் கரப்புடுப்பும் முடியும் தரித்து நிமிர்ந்து நிற்கிறான். தருமராக ஆடியவரை ஊர் அதன்பின் 'தருமர்' என்றே அழைக்கும். அவர் இறந்த பின்னும் 'தருமர் வீடு' என்பது நிலைத்துவிடும். பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்கள் கூத்துக் கொப்பியை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சில் எழுதி வைத்தார்கள். ஏட்டுக்கல்வி மறுக்கப்பட்ட மக்களுக்குக் கூத்துக் களரியே பள்ளியாகவும் இருந்தது.

ஆனால் களரியின் வட்டம் எல்லாரையும் உள்ளடக்கியதாக இருந்ததா? இல்லை. கூத்து பெரும்பாலும் குடிக்குக் குடி, சாதிக்குச் சாதி தனித்தனியாகவே ஆடப்பட்டது. பெண்ணுக்குக் களரியில் இடமில்லை. திரௌபதையும் சுபத்திரையும் மீசை மழித்த ஆண்களே. பெண்ணின் குரல் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஒடுங்கியது. கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் குளிர்த்தி பாடும்போது ஒரு பெண்ணின் சினத்தை ஊரே பாடி ஆற்றுகிறது; அதே ஊர் வீட்டுப் பெண்ணைக் களரிக்கு அனுப்பவில்லை. களரி ஊரின் பெருமையைக் காட்டியது. ஊரின் பிரிவுகளையும் காட்டியது.

வயல்வெளியின் பாட்டு இதனினும் சற்று அகன்றது. அறுவடையின்போதும் சூடடிக்கும் களத்திலும் பாடப்பட்ட பாட்டுகளும், காதலும் ஏக்கமும் ததும்பும் 'கவி' என்னும் நாட்டுப்பாடல் வடிவமும் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான செல்வம். ஒரே வரப்பில் வேலை செய்தவர்கள் ஒரே மெட்டில் பாடினார்கள். கவியைத் தொகுக்கச் சென்ற அறிஞர் எவரும் இது தமிழருடையது, இது முஸ்லிம்களுடையது என்று கோடு கீறிப் பிரித்துவிட முடியவில்லை. 1990 ஆம் ஆண்டின் கொலைகளும் இடப்பெயர்வுகளும் வரப்பிலே முள்வேலி இட்டன. இன்று இரு சாராரும் தத்தம் பண்பாட்டு விழாக்களில் கவியைத் தனித்தனியே பாடுகின்றனர். ஒருவர் விழாவுக்கு மற்றவர் செல்வது அருமையாகிவிட்டது.

பறையின் இரு முகங்கள்

தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், விலங்கு என்பவற்றோடு பறையையும் எண்ணுகிறது. புறநானூற்றுப் பாட்டொன்று துடியன், பாணன், கடம்பன் என்போரோடு பறையனையும் சேர்த்து, சிறப்புடைய குடிகளாகப் பெயர் சொல்கிறது. இவற்றை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அப்பழஞ்சிறப்புக்கும் இன்றைய இழிவுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பதைக் கற்பிப்பதில்லை.

நிலவுடைமைச் சமுதாயம் இறுகியபோது தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்டது. மேளம் கொட்டுவது ஒருவன் கற்ற கலை என்ற நிலை மாறி, அவன் செய்தே தீரவேண்டிய குடிமைக் கடமையாயிற்று. வாவிக்கரையில் சாவு வீட்டுக்குரிய அடி வேறு, கோயில் திருவிழாவுக்குரிய அடி வேறு. இவற்றைத் தலைமுறை தலைமுறையாக நினைவிற் காத்தவர்கள் பறைமேளகாரர்கள். பறைமேளக் கூத்து என்று தனியொரு ஆடற்கலையே அவர்களிடம் உண்டு. எதிரெதிராக நின்று ஒருவர் அடிக்கு மற்றவர் அடியால் விடை சொல்லி ஆடுவதைக் கண்டவர்கள், அதிலுள்ள கணக்கின் நுட்பத்தை எந்தச் சங்கீத சபையின் தனியாவர்த்தனத்துக்கும் குறைந்ததென்று சொல்லமாட்டார்கள். ஆனால் சபையில் மிருதங்கம் வாசித்தவர் வித்துவான். வாசலுக்கு வெளியே பறையடித்தவர் குடிமைக்காரர். அம்மனுக்கு அவருடைய மேளம் வேண்டும். மூலத்தானத்தருகே அவர் நிழல் வேண்டாம்.

1970 களில் அக்கரைப்பற்றுப் பகுதியில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, பறைமேளகாரரைப் பற்றி 1983 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடன்பாடும் நெருக்குதலும் அம்மக்கள் வாழ்வில் எவ்வாறு பின்னிக்கிடக்கின்றன என்பதே அவர் ஆராய்ந்த பொருள். நம் நாட்டவர் நெடுங்காலம் அவர்களுடைய அமைதியை உடன்பாடு என்றே கணக்கெழுதி வந்தனர். வேறு வழியில்லாதவனின் மௌனத்துக்கு உடன்பாடு என்று பெயரிடுவது, மேல்நிலையில் இருப்பவனுக்கு எளிதான வேலை.

வழி கிடைத்த இடங்களில் அம்மௌனம் கலைந்தது. தமிழ்நாட்டில் தென்னார்க்காட்டுப் பகுதியில் 1940 களிலும் 1950 களிலும் எல். இளையபெருமாள் ஊர் ஊராகச் சென்று, சாவுக்குப் பறையடிக்க மறுக்குமாறு தம் மக்களைத் திரட்டினார். பலர் பறையைக் கீழே வைத்தனர். அதற்காக அடியும் பட்டனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 1990 களில், அதே தமிழ்நாட்டில் தலித் கலைவிழாக்களில் இளைஞர்கள் அப்பறையை விரும்பி எடுத்தனர், பெண்களும் எடுத்தனர். முன்னவர் கலையை வெறுத்தவரும் அல்லர். பின்னவர் இழிவை ஏற்றவரும் அல்லர். கட்டாயத்தின் பேரில் கொட்டும்போது பறை விலங்கு. விரும்பிக் கொட்டும்போது அதுவே குரல். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காணாமல், "பறை நமது தொன்மைச் செல்வம், அதனை விட்டுவிடலாமா?" என்று மேளகாரனின் பிள்ளையிடம் கேட்பது அறமாகாது.

அடிமையின் தாளம், அனைவரின் விருந்து

பாட்டை எடுத்துக்கொண்டு பாட்டுக்காரனை வெளியே நிறுத்துவது தமிழ்ச் சாதியமைப்பில் மட்டும் நிகழ்ந்ததன்று. இதே வாவிக்கரையில் மற்றுமொரு சான்று உண்டு. 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை அமைத்தனர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டைகளின் கொடிகள் மாறின. போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களான பறங்கியர் இங்கேயே வேரூன்றினர். அரசாண்டவர்களின் பெயரைத் தாங்கினாலும் அவர்களிற் பெரும்பாலோர் தச்சரும் கொல்லரும் தையற்காரருமாய்க் கையால் உழைத்து வாழ்ந்தவர்களே. வீட்டில் தங்கள் போர்த்துக்கேய மொழியையும், கலியாண வீட்டில் வயலின் ஒலிக்க ஆடும் கப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் அவர்கள் விடாது காத்தனர்.

கப்ரிஞ்ஞா என்னும் பெயரே ஒரு வரலாறு. ஆபிரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்த காப்பிலியரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரும் புத்தளப் பகுதிக் காப்பிலியரும் பேணிவந்த துள்ளலான தாளம், இருபதாம் நூற்றாண்டில் கொழும்பு மேடைகளில் 'பைலா'வாகி இலங்கை முழுவதும் பரவியது. 1960 களின் இறுதியிலும் 1970 களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழிற் பாடிய பொப்பிசைப் பாடல்களில் அத்துள்ளல் தமிழுக்கும் வந்தது. 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டுத் தெருக்களிலும் ஒலித்தது. இன்று நம் ஊர்ச் சுற்றுலா பஸ்ஸிலும் பைலா இல்லாமல் பயணம் இல்லை.

எத்தனை பேர் அத்தாளத்தின் முன்னோரை நினைக்கின்றனர்? 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை டச்பார்ப் பகுதியைத் தாக்கியபோது, அங்கே வாழ்ந்த பறங்கியர் பலர் மாண்டனர், வீடுகள் அழிந்தன. அவர்களுடைய மொழியைப் பேசுவோர் இன்று மிகச் சிலர். தாளம் நாடாள்கிறது, அதனைக் காத்தவர்களின் மொழி நம் கண்முன்னே தேய்கிறது.

வானொலி திறந்த படலை

கூத்து அருகியதற்கும் நாட்டுப்பாடல் மறைந்ததற்கும் வானொலியும் சினிமாவுமே காரணம் என்று முற்போக்காளரும் பழைமைவாதிகளும் ஒருமித்துக் குற்றஞ்சாட்டுவது வழக்கம். அக்குற்றச்சாட்டிலே பாதி உண்மை உண்டு. மறுபாதியையும் பார்க்க வேண்டும்.

கொழும்பில் 1925 இல் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. 1950 இல் வர்த்தக சேவை வந்தபின் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்கள் தென்னிந்தியாவிலும் வீடுதோறும் கேட்டன. 1952 இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாடல்களை விலக்கியதும் இலங்கை வானொலிக்கே வாய்ப்பாயிற்று. அங்கே சாத்திரிய சங்கீதத்தைக் காப்பதாகச் சொல்லிக் கதவை மூடினர். மக்கள் அடுத்த வீட்டு யன்னலால் பாட்டுக் கேட்டனர். 1957 இல் விவித பாரதி தொடங்கி அவர்களும் கதவைத் திறக்க நேர்ந்தது.

வாவிக்கரை ஊர்களில் வானொலி செய்த மாற்றத்தை ஒரு சிறு காட்சியால் விளக்கலாம். பறைமேளகாரனின் மகன் கூலிவேலை செய்து சேர்த்த காசில் சிறு வானொலிப் பெட்டியொன்றை வாங்குகிறான். மாலையில் அதிலிருந்து ஒரு சினிமாப் பாட்டு எழுகிறது. அதே பாட்டு அதே நேரத்தில் போடியாரின் திண்ணையிலும் எழுகிறது. அந்தப் பாட்டை யாருக்காகவும் அவன் கொட்டவில்லை; எவரும் அவனைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. அவன் கேட்பவனாக மட்டும் இருக்கிறான். அவனுடைய குடும்பத்தில் எவர்க்கும் முன்னர்க் கிட்டாத உரிமை அது.

சினிமாப் பாட்டு முதலாளியின் இலாபத்துக்காகச் செய்யப்படும் பண்டம் என்பதை நான் மறக்கவில்லை. உழைக்கும் மக்களின் துயரை மறக்கடிக்கும் மயக்கமருந்தாக அது பலகாலும் பயன்படுகிறது. எனினும் பிறப்பால் தொழில் விதிக்கப்பட்ட ஊரிலே, எந்தக் குடிக்கும் கடமையாக விதிக்கப்படாத இசை ஒன்று வந்தபோது, ஒடுக்கப்பட்ட இளைஞன் அதனை ஏன் கட்டியணைத்தான் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அவன் மரபைத் துறந்தான் என்று வருந்துகிறோம். அவன் துறந்தது பாட்டையா, பாட்டோடு பிணைக்கப்பட்ட இழிவையா என்று கேட்டறியவில்லை.

மேடைக்கு வந்த களரி

வானொலிக் காலத்திலேயே கூத்துக்கு வேறொரு வாழ்வும் கிடைத்தது. 1956 இல் எதிரிவீர சரத்சந்திர சிங்கள நாடகமரபான நாடகமவை அடிப்படையாக வைத்து 'மனமே'யை மேடையேற்றினார். தன் வேர்களில் ஒன்றைத் தமிழ்க் கூத்திற் கொண்ட அம்மரபு சிங்கள நாடகத்துக்குப் புத்துயிர் அளித்தபோது, தமிழறிஞர் தம் சொந்த முற்றத்தைத் திரும்பிப் பார்த்தனர். பேராதனையில் விரிவுரையாற்றிய சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மீட்டெடுக்க முனைந்தார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். 1962 இல் 'கர்ணன் போர்' அரங்கேறியது. 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்பன அப்பத்தாண்டிலேயே தொடர்ந்தன. இரவு முழுவதும் ஆடிய கூத்து ஒன்றரை மணிநேர அளவுக்குச் சுருங்கியது. வட்டக் களரி படச்சட்ட மேடையாயிற்று.

இதனாற் கிடைத்த நன்மை சிறிதன்று. 'நாட்டான் கூத்து' என்று படித்தவர் இகழ்ந்த கலை மதிப்புப் பெற்றது. இராவணேசனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, 1969 இல் 'சங்காரம்' என்னும் நாடகத்தில் அதே வடமோடி ஆட்டத்தால் சாதியையும் சுரண்டலையும் அரக்கர்களாக நிறுத்தினார். பழைய வடிவம் புதிய போராட்டத்தைத் தாங்கும் என்பதற்கு அது சான்று. 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. செல்லையா அண்ணாவியாரின் ஊரில் ஒரு பல்கலைக்கழகம்! இன்று கல்லடியில் விபுலாநந்தர் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசையும் நடனமும் நாடகமும் பட்டப்படிப்புக்குரியன. முப்பதாண்டுப் போர்க்காலத்தில் இரவுகள் துப்பாக்கிக்கும் ஊரடங்குக்கும் உரியனவாகிக் களரிகள் இருண்டிருந்தபோதும் கலை முற்றாக அழியாமல் இருந்ததற்கு ஊராரின் பிடிவாதமும் இத்தகைய நிறுவனங்களின் உழைப்பும் காரணம். பெண்களும் இப்போது ஆடுகின்றனர்.

ஆனால் மதிப்பு ஏறிய படிகளை எண்ணிப் பாருங்கள். மத்தளம் பல்கலைக்கழகத்துக்குள் முதலில் நுழைந்தது. பறை நெடுங்காலம் வெளியே காத்து நின்றது. கலையை ஆராய்ந்தவர்க்குப் பட்டமும் பதவியும் கிடைத்தன. அதனைக் காத்த ஊர்க்கலைஞருக்குப் பொன்னாடை கிடைத்தது. பொன்னாடை ஒரு மாலைநேரத்துக்குரியது. மறுநாள் காலையில் அவர் பழைய வயற்காரரே, பழைய மேளகாரரே.

இது உலகில் நமக்கு மட்டும் உரிய நோயன்று. 1939 இல் அமெரிக்கத் தலைநகரில் மரியன் அண்டர்சன் என்னும் மாபெரும் பாடகிக்குக் கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் ஒரு மண்டபம் மறுக்கப்பட்டது. அவருடைய குரலை ஐரோப்பா ஏற்கனவே கொண்டாடியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று திறந்தவெளியிலே பாடினார். எழுபத்தையாயிரம் பேர் திரண்டு கேட்டனர். ஆனால் அந்நாட்டில் நிறவொதுக்கலைச் சட்டத்தால் ஒழிக்க மேலும் கால் நூற்றாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. 1964 இலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. கைதட்டலால் மட்டும் எந்தக் கதவும் திறந்ததில்லை.

நாம் செய்யக்கூடியது

ஆசிரியராகிய நாம் சட்டம் இயற்றுபவர் அல்லர். ஆயினும் பாடசாலை மேடை நம் கையில் இருக்கிறது. அங்கே பறை ஒலிக்க வேண்டுமா என்று கேட்குமுன், நாம் நம்மையே சில கேள்விகள் கேட்கலாம். கொட்டுபவருக்கு உரிய ஊதியம் கொடுத்தோமா? நிகழ்ச்சி நிரலில் 'பறைமேளம்' என்று கருவியின் பெயரை மட்டும் போட்டோமா, கலைஞரின் பெயரையும் போட்டோமா? விருந்தினருக்கு அளித்த கதிரையும் தேநீரும் அவருக்கும் கிடைத்தனவா? அக்கலையைப் பழகும் வாய்ப்பு எல்லாக் குடிப் பிள்ளைகளுக்கும் உண்டா, ஒரு குடிப் பிள்ளைகளின் தலையில் மட்டும் அது சுமத்தப்படுகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்ட விரும்பாத பிள்ளைக்குக் கொட்டாமல் இருக்கும் உரிமை உண்டா?

'எங்கள் இசை' என்று சொல்கிறோம். 'எங்கள்' என்ற அந்தச் சொல்லுக்குள் தோணியிலிருந்த மீனவனும், படலைக்கு வெளியே நின்ற மேளகாரனும், டச்பார்ப் பறங்கியும், வரப்பில் கவி பாடிய முஸ்லிம் உழவனும், களரிக்கு வர முடியாத பெண்ணும் சமமாக இடம்பெறும் வரை அச்சொல் முழு உண்மையாகாது.

இவ்வாண்டு விழாவுக்கு ஆயத்தங்கள் தொடங்கிவிட்டன. பறை பழக விரும்புவோர் பெயர் தரலாம் என்று பாடசாலையில் அறிவித்தேன். பதினொரு பெயர்கள் வந்தன. அந்த மாணவனின் பெயர் அவற்றுள் இல்லை. நான் அவனைக் கேட்கவுமில்லை. பழக்குவதற்கு அவனுடைய தந்தை வாரந்தோறும் வருகிறார். பழைய மாணவர் சிலர் சேர்ந்து அவருக்கு ஊதியம் ஒழுங்கு செய்திருக்கின்றனர். ஆசிரியர் அறையில் எங்களோடு அமர்ந்து தேநீர் அருந்துகிறார். பிள்ளைகள் அவரையும் 'சேர்' என்றே அழைக்கின்றனர்.

சென்ற வாரம் இரண்டு பெற்றோர் வந்து தம் பிள்ளைகளின் பெயரை வெட்டிவிடும்படி சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை, நானும் ஊகிக்காமல் இல்லை. ஒன்பது பெயர்கள் எஞ்சியிருக்கின்றன. அந்த ஒன்பது பேரோடு பழக்கம் தொடர்கிறது.